வரப்போகிற பெட்டியும் பொறு அண்ணாச்சியும்

டிவி கடை வைத்துக்கொண்டு, டிவி வாங்க வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சுசீந்திரத்துக்காரர். இதைச் சொல்ல எனக்கு என்றைக்குமே பெருமைதான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் அவர் பொறு அண்ணாச்சி. கடைக்குள் யார் கால் வைத்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுகிற வார்த்தை அதுதான்.

ஒருநாள் மிக்சியை ரிப்பேருக்குக் கொடுக்கப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியைக் கை காட்டினார்.

"அண்ணாச்சி, இத எறக்கும். ஆட்டோ நிக்கி."

"பொறும் சார்."

"என்ன, டிவி கேடா?"

"டிவிக்கு ஒரு கொறையும் இல்ல. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் வீட்டுல வைக்கதுக்குன்னு ஒரு பெட்டி எறக்கப் போறான். அது வந்தா இந்த டிவியெல்லாம் ஆட்டுக்கல்லு மாதிரி மூலையில கெடக்கும்."

"கம்பெனி சொல்லிட்டானா?"

"இன்னும் வாயத் தொறக்கல்ல."

"அவனே சொல்லல்லன்னா உமக்கு எப்படி ஓய் தெரியும்?"

"சொன்ன பெறகு எல்லாவனுக்கும் தெரியுமே! சொல்லாததத் தெரிஞ்சவனாக்கும் மெக்கானிக்கு."

வாத்தியார் அதே ஆட்டோவில் நாகர்கோவிலுக்குப் போய் வேறு கடையில் டிவி வாங்கிவிட்டார். அதை மாட்டிக்கொடுக்கவும் அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டி முடித்து அந்த டிவியை ஒரு பார்வை பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

எந்தக் கம்பெனி என்று அவர் பேர் சொல்லமாட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லாத மாதிரி, "கம்பெனி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்த கையோடு போனை எடுப்பார். கம்பெனியைப் பற்றி உலகத்தில் எவன் எதை ஊகித்து எழுதினாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். படித்ததை அப்படியே கடைச் சுவரில் சாக்பீஸால் படமாக வரைந்துவிடுவார். புதுச் செய்தி வந்தால் அழித்து வரைவார். சித்திரையில் பெட்டி உருண்டையாக இருந்தது. வைகாசியில் சதுரமானது. ஆடி பிறந்தபோது அதற்குக் கழுத்து முளைத்திருந்தது.

"கழுத்து எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நாம எந்தப் பக்கம் நடந்தாலும் அது அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கும் தங்கச்சி. நாம பேசுகத எல்லாம் கேக்கும். கேட்டதுக்குப் பதிலும் சொல்லும்."

"அதுக்கு எதுக்குக் கம்பெனி? எங்க நாத்தனாரு இருக்காளே!"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "அவ பாட்டுப் பாடுவாளா?" என்று கேட்டார்.

அப்புறம் வந்தது ஸ்குரூ. அந்தப் பெட்டி செய்கிற ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்துவிட்டதாகச் சொல்லி, வாஷர் போட்ட ஒரே ஒரு ஸ்குரூவின் படம் போனில் சுற்றியது. அண்ணாச்சி அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு மாட்டினார். ஸ்குரூ இவ்வளவு என்றால் எடை இவ்வளவு, எடை இவ்வளவு என்றால் பெட்டி ஒரு அடி அகலம், முக்கால் அடி உயரம், மேஜை மேல் உட்காருகிற ரகம் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு ஸ்குரூவிலிருந்து ஒரு பெட்டியையே கண்டுபிடித்த மூளை வேறு எந்த ஊரில் இருக்கிறது?

அந்த வருஷம்தான் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவர் வெயிலில் நின்ற நேரம். போனில் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "ஏட்டி, ஹால்ல டிவி வைக்குத எடத்த மட்டும் நல்லா செய்யணும் கேட்டியா. நான் வந்து ஜம்முன்னு உக்காந்து பாக்கணும்."

நான் நேராக அண்ணாச்சியிடம் போனேன். அவர் பொறு என்றார். பொறுத்தேன்.

வரப்போகிற பெட்டிக்கு இப்போதே சுவரில் மாடம் வைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. கொத்தனாருக்குக் கணக்குச் சொன்னால் புரியாது, மாதிரி வேண்டும். அட்டையில் செய்தால் எடை தெரியாது. ஆகவே சாமி சிலை கொத்துகிற மயிலாடிக்குப் போய்க் கருங்கல்லில் செய்யக் கொடுத்தார், கழுத்து உட்பட. கல் கொத்துகிறவர், "இது எந்தச் சாமிக்குள்ள பீடம்?" என்று கேட்டாராம். "சாமி இனிமேதான் வரும்" என்று இவர் சொன்னாராம். மயிலாடியிலிருந்து ஏறுகிற கல் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சாமிதானே! ஆட்டோக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

கொத்தனார் மாடத்தை அச்சாக வைத்தார். கல்லை அதில் ஏற்றிப் பார்த்தோம், இம்மி பிசகவில்லை. பெட்டி வருகிறவரை கல் அங்கேயே இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி.

புது வீட்டுப் பால்காய்ப்புக்கு முந்தின நாள் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். களைத்து வந்தவர் பழைய வீட்டிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். காலையில் நான் முதல் ஆளாகப் புது வீட்டுக்குப் போய் விளக்கேற்றினேன். நல்ல நாளும் அதுவுமாக மயிலாடிக் கல்லை வெறுமனே விட மனசு வரவில்லை. கழுவித் துடைத்து, சந்தனம் தொட்டு, இரண்டு தெச்சிப்பூவைக் கழுத்தில் வைத்தேன். பழக்கத்தில் கை செய்துவிட்டது.

கணபதி ஹோமம் முடித்த கோயில் போற்றி ஆரத்தித் தட்டோடு திரும்பினார். எதிரே மாடம், உள்ளே சந்தனம் வைத்த கல். மணியை ஆட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்! சொந்தக்காரர்கள் எல்லோரும் கும்பிட்டார்கள். நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண் கலங்க ஏதோ வேண்டிக்கொண்டு, பிறகுதான் கேட்டாள்.

"மைனி, இது என்ன சாமி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பின்னாலிருந்து கம்பீரமாகச் சொன்னார். "சாமி இல்ல மக்கா. வரப்போற பெட்டி!"

வீடு அதிரச் சிரித்தார்கள். போற்றியே தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்கண்ணன் ரெண்டு வருசம் வெயில்ல வெந்து அனுப்பினதுக்கு அம்மிக்கல்லையா டிவின்னு வச்சிருக்க?" என்றாள் நாத்தனார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மாடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பந்தலுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மூன்று நாள் அவர் முகம் தெளியவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து அந்த மாடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இருப்பது முப்பதே நாள். அது இப்படியே போய், இந்த முகத்தோடேயே விமானம் ஏறிவிடுவாரோ என்று பயந்தேன். எங்கள் ஊர்க் கோயில் தாணுமாலயசாமியை நினைத்து அழுதேன்.

நாலாம் நாள் காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஓய்! என் வீட்டு ஹாலக் கெடுத்துப்போட்டு நீரு இங்க படம் வரைஞ்சிட்டு இருக்கீரா?"

"பொறும் மாப்பிள..."

"எத்தற நாளு ஓய் பொறுக்க? எங்க உம்ம பெட்டி? எத வச்சிச் சொன்னீரு?"

அண்ணாச்சி பயப்படவில்லை. ஸ்குரூ படத்தை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இத வச்சாக்கும்."

அதைக் கிழித்தெறியப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், வீட்டுக்காரர் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஓய், இது மேசையில இருக்கிற சாமானுக்குள்ள ஸ்குரூ இல்ல."

"பின்ன?"

"இந்த வாஷரப் பாரும். சுவத்துல தொங்குகது ஆடாம நிக்கப் போடுகதாக்கும் இது. ஏசியில தெனமும் நான் நாப்பது எண்ணம் முறுக்குகேன். எனக்குத் தெரியாதா?"

அண்ணாச்சி படத்தை வாங்கி வாஷரைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை எடுத்து, அத்தனை நாள் வரைந்த சுவரை ஒரே இழுப்பில் துடைத்தார். சாக்பீஸை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மாப்பிள, எனக்குப் புத்தி எத்தல்ல. நீரு வரையும்."

பக்கத்துக் கடைக்கு டீ குடிக்க வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் கூசினார். பிறகு வரைந்தார். எங்கே மாட்டும், எங்கே வயர் போகும், எங்கே சூடு வெளியேறும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஊரே கேட்டது. இருபது வருஷம் யார் யார் வீட்டையோ குளிர வைத்த மனிதர். அவருக்குத் தெரிந்ததை ஒருவர் கைகட்டிக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், நகை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிமிர்வு வந்திருக்காது.

சாயங்காலம் அண்ணாச்சி ஒரு சாதாரண டிவியைக் கொண்டுவந்து மாடத்துக்கு மேலே மாட்டிவிட்டு, "தற்காலிகமாக்கும்" என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். வீட்டுக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. மிச்ச லீவு முழுக்க அண்ணாச்சி கடை ஸ்டூலில்தான் இருந்தார். விமானம் ஏறுகிற அன்று, "உம்ம பக்கத்துலதான் முதல்ல கடைக்கு வரும் மாப்பிள. கண்ணு வச்சிக்கிடும்" என்று அண்ணாச்சி பொறுப்புக் கொடுத்து அனுப்பினார்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை லீவு நாளில் வீட்டுக்காரர் அங்கே அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாராம். போன் பண்ணினால், "சாப்பிட்டியா, பிள்ளையளு படிக்கா?" இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் சட்டை மாற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார். பெட்டி வரவில்லை என்று அண்ணாச்சிக்குச் சொல்லத்தான் போன். அந்த 'வரவில்லை'யைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகிறது. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டுச் சண்டை பிடிக்க, அவர் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது.

நான் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்திருக்கிறேன். அந்தப் பெட்டி வரத்தான் வேண்டும், அண்ணாச்சி வாக்கு பொய்யாகக் கூடாது. ஆனால் சாமி, என் வீட்டுக்காரர் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு வந்தால் போதும்.