ஐந்து படி இங்கிலீஷ்

உலக்கையைத் தொடுவதில்லை என்று கல்யாணமான மறுநாளே முடிவெடுத்தவர் தனிஸ்லாஸ். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் அவர் எடுத்த முடிவுகளில் நிலைத்தது அது ஒன்றுதான்.

எழுபத்தெட்டாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு அதிரசத்துக்காக ஐந்து படி அரிசி.

"கொஞ்சம் இடிச்சிக் குடுங்களேன்" என்றாள் மனைவி ஞானமேரி.

"எனக்கு எங்கடி நேரம்? வெள்ளிக்கிழமை தட்டாஞ்சாவடி கம்பெனிக்குப் பெரிய முதலாளி வர்றாரு. நான்தான் இங்கிலீஷ்ல வரவேற்பு வாசிக்கணும். நல்லா வாசிச்சா சூப்பர்வைசர்!"

சிக்கலே அங்கேதான். தனிஸ்லாஸ் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அந்தப் பழக்கத்தில் எந்த இங்கிலீஷ் வார்த்தையையும் கடைசித் துண்டில் அழுத்துவார். "ரெஸ்பான்சிபிலிட்டீ!" என்று வால் எகிறும். ஒத்திகை கேட்ட மேனேஜர், "இங்கிலீஷை ஏன்யா வாலைப் புடிச்சித் தூக்கற?" என்று கேட்டுவிட்டார். அன்று தனிஸ்லாஸுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞானமேரிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"ரேடியோவுல தெனம் இங்கிலீஷ் நியூஸ் கேக்கறேன். அந்தம்மா ஒரு துண்டுல மட்டும் ஓங்கிப் போடுது. மிச்சத்தை லேசாத் தட்டுது. அப்பிடியே உலக்கை மாதிரி. புடிங்க, காட்டறேன்."

"தொட மாட்டேன்."

"சரி. சூப்பர்வைசர் வேலை உங்க கூட வேலை செய்யற அந்த வடிவேலுக்கே போவட்டும்."

தனிஸ்லாஸ் உலக்கையைப் பிடித்தார்.

"வெறும் உரல்ல குத்தக் கூடாது" என்று நாலு கை ஊறின அரிசியை உள்ளே போட்டாள்.

ரெஸ், பான், சி. லேசாக மூன்று. 'பி'யில் ஓங்கி ஒரு குத்து. அப்புறம் லி, டி. மாவு தெறித்தது, வார்த்தை நிமிர்ந்து நின்றது!

"ஏய், வருதுடி!"

"'ஷன்'னு முடிஞ்சா அதுக்கு முன்னாடித் துண்டுல ஓங்குங்க."

அட்மினிஸ்ட்ரேஷன், கோஆப்பரேஷன், கங்கிராஜுலேஷன் எல்லாம் நாலு நாளாக உரலில் விழுந்தன. ஞானமேரி எதிரே உட்கார்ந்து மாவைச் சலித்தபடி, "சரியா விழல, இன்னொரு தடவ" என்றாள். தனிஸ்லாஸ் சளைக்கவில்லை. தோள் வலித்தது, மனசு பறந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளியே எழுந்து வந்து கை குலுக்கினார். தனிஸ்லாஸ் சூப்பர்வைசர்!

சைக்கிளில் பாதி, ஆகாயத்தில் பாதியாக வீடு வந்து சேர்ந்தார். உரல் சுவரோரமாகக் கவிழ்ந்திருந்தது. அடுப்படியில் எண்ணெய் மணம்.

"கேட்டுக்கடி, இனிமே உலக்கையைத் தொட மாட்டேன். இங்கிலீஷ் முடிஞ்சிபோச்சி!"

"ஆமாங்க" என்று சூடான அதிரசத்தை நீட்டினாள் ஞானமேரி. "மாவும்தான்."