துணை அமைச்சரின் முகத்தில் ஓர் ஓட்டை

ஸ்லிவோடோல் கிராமத்துக்கு இணையம் வந்து பத்தொன்பது நாள் நன்றாகத்தான் இருந்தது. இருபதாம் நாள், ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு அது நின்றது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அதே பதினொன்றே காலுக்குத்தான் ஊராட்சிக் கட்டடத்தின் கூரையில் அறிவிப்புப் பலகையை நிமிர்த்தி முடித்தார்கள். ஊரே கீழே நின்று கை தட்டியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்று இணையம். இன்னொன்று, இணையம் வந்துவிட்டது என்ற அறிவிப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க நியாயமில்லை.

பலகை நாலு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம், கனமான இரும்புத் தகடு. 'இவ்விடத்தில் தடையற்ற இணையம்' என்று எழுதியிருந்தது. இடது கீழ் மூலையில் துணை அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். இதை 'அதிகபட்சக் காட்சித்தன்மை உடைய இடத்தில்' வைக்க வேண்டும் என்பது திட்ட விதி. எது அந்த இடம் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது, முதலில் எழுந்தவள் மருந்துக்கடை தெமெனுஷ்கா.

"கூரையில வைங்க. க்ருஷெவெட்ஸ்காரங்க காலைல சன்னலத் திறந்தா இதுதான் கண்ணுல படணும்" என்றாள்.

அடுத்த குன்றில் இருந்த க்ருஷெவெட்ஸுக்கும் இணையம் வந்திருந்தது. அவர்கள் பலகை சாலையோரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அந்த ஊரில்தான் தெமெனுஷ்காவின் நாத்தனார் ராதா வாழ்ந்தாள். சாய்ந்த பலகையை வைத்துக்கொண்டே அவள் ஒரு மாதமாகப் பெருமை பேசியிருந்தாள்.

இணையம் நின்றதில் மற்றவர்களுக்குப் போனது பொழுதுபோக்கு. தெமெனுஷ்காவுக்குப் போனது கடை. மருத்துவர்கள் சீட்டு எழுதுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. எல்லாம் மத்தியப் பதிவேட்டில் ஏறி, கடைக் கணினியில் வந்து இறங்கும். வந்து இறங்கினால்தான் மருந்து கொடுக்கலாம். பதிவேட்டோடு தொடர்ந்து முப்பது நாள் தொடர்பு இல்லாத கடையின் உரிமம், யாரும் கையெழுத்துப் போடாமலே, தானாகக் காலாவதியாகும். அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசிக்கு ஒரு கோடுகூட வராது. அடுத்த மருந்துக்கடை முப்பத்திரண்டு கிலோமீட்டர். நான்கு ஊர்களின் ரத்த அழுத்தம் தெமெனுஷ்காவின் அலமாரியில் இருந்தது.

அவள் கடையில் நாட்காட்டியில் 'ஒன்று' என்று எழுதினாள். கம்பிவழித் தொலைபேசியில் உதவி மையத்தை அழைத்தாள்.

"பெட்டிய அணைச்சுட்டு முப்பது நொடி கழிச்சுப் போடுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"போட்டுப் பாத்துட்டேம்மா. நாலு தடவ."

"எங்க பதிவுல ஒரு தடவகூட இல்லயே. இப்பப் போடுங்க."

போட்டாள். வரவில்லை.

"சரி, புகாரைப் பதிஞ்சாச்சு. புகார் எண் உங்க மின்னஞ்சலுக்கு வரும்."

"மின்னஞ்சல் பாக்க இணையம் இல்லயேம்மா."

"அது தனிப் புகார். அதையும் பதியவா?"

ஒன்பதாம் நாள் தொழில்நுட்பப் பணியாளன் லச்செசார் வந்தான். ஏணியும் ஒரு சிறிய மடிக்கணினியும் கொண்டுவந்திருந்தான். மலையிலிருக்கும் கோபுரம் அனுப்பும் சிக்னலை ஊராட்சிக் கூரையில் உள்ள வட்டத் தட்டு வாங்கி ஊருக்குப் பிரித்துக் கொடுக்கும். தட்டுக்கு மின்சாரம் வருகிறதா பார்த்தான், வந்தது. கேபிளை இழுத்துப் பார்த்தான், உறுதியாக இருந்தது. சிக்னலைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"மைனஸ் எண்பத்தெட்டு. தொடக்க நாள்ல மைனஸ் அறுபத்தொண்ணு இருந்துச்சு."

"கூடித்தானே இருக்கு?" என்றார் ஊர்த் தலைவர் வெலிச்கோ, மகிழ்ச்சியாக.

"இது மைனஸ், தலைவரே. எண்ணு கூடக்கூட மோசம்."

"அப்ப நம்ம ஊர் முதியோர் பட்டியல் மாதிரின்னு சொல்லு" என்றாள் தெமெனுஷ்கா.

லச்செசார் இணைப்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஈரம். மழை பெய்து ஆறு வாரம் ஆகியிருந்தது. விசாரித்ததில் உண்மை வெளியே வந்தது. தொடக்க விழாவன்று பாதிரியார் மெத்தோடி, வழக்கம்போலத் துளசிக் கொத்தைப் புனித நீரில் முக்கி எல்லாரையும் எல்லாவற்றையும் ஆசீர்வதித்திருந்தார். இந்தப் பெட்டியை மட்டும் விசேஷ அக்கறையோடு மூன்று முறை. லச்செசார் தெமெனுஷ்காவின் முடி உலர்த்தும் கருவியைக் கடன் வாங்கிப் பெட்டியைக் காய வைத்தான். படிவத்தில் 'ஈரத்துக்கான காரணம்' என்ற இடத்தில் மழை, வெள்ளம், பனி, பயனாளியின் அலட்சியம் என நான்கே கட்டங்கள். அவன் யோசித்து மழை என்று குறித்தான்.

பெட்டி காய்ந்தது. சிக்னல் அசையவில்லை.

கடைசியாகத் தட்டின் திசையைச் சரிபார்க்க அதன் பின்னால் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, கோபுரத்தைத் தேடினான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு கூரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, மேல வாங்க. கோபுரம் தெரியுதா பாருங்க."

தெமெனுஷ்கா ஏறிப் பார்த்தாள். தட்டுக்கு நேர் முன்னால், கையெட்டும் தூரத்தில், நாலுக்கு மூன்று மீட்டர் இரும்புத் தகடு. அந்தப் பக்கம் என்ன எழுதியிருந்தாலும் இந்தப் பக்கம் வெறும் துரு.

"மலை நல்லாத் தெரியிற இடம்னுதான் தட்டை இங்க வச்சோம். இந்தப் பலகைய இங்க வைக்கச் சொன்னது யாரு?"

தெமெனுஷ்கா மேகத்தைப் பார்த்தாள். "ஊர் கூடி எடுத்த முடிவு, தம்பி."

வெலிச்கோ திட்ட அலுவலகத்துக்குக் கனிவான கவனத்திற்கென ஒரு கடிதம் எழுதினார். பலகையைச் சற்று நகர்த்த அனுமதி, அல்லது தட்டைச் சற்று நகர்த்த அனுமதி. இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது. பலகையை ஐந்தாண்டுக்கு அகற்றவோ அசைக்கவோ கூடாது. தட்டின் இடம் அட்சரேகை தீர்க்கரேகையோடு சான்றளிக்கப்பட்டுவிட்டதால் அதையும் அசைக்கக் கூடாது. கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'இணையம் இயங்காமை திட்டத்தின் நிறைவுக்குப் பாதகம் ஆகாது. பலகை இல்லாமையே விதிமீறல் எனக் கருதப்படும் என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.'

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, மறுபடி வந்திருந்த லச்செசாரும் தெமெனுஷ்காவும் தகரக் கத்தரியோடு கூரையேறினார்கள். அவன் தட்டின் மையத்திலிருந்து நேர்கோடு பிடித்துப் பலகையில் ஒரு புள்ளி வைத்தான். முன்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, வழியில துணை அமைச்சர் மூஞ்சி இருக்கு."

"தாடையையாவது விட்டுட்டு வெட்ட முடியாதா?"

"காதுல இருந்து காது வரைக்கும் வேணும்கா. சிக்னலுக்கு அகலம் உண்டு."

முக்கால் மணி நேரத்தில் துணை அமைச்சருக்குக் கோட்டும் கழுத்துப் பட்டையும் மட்டும் மிஞ்சின. முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் தட்டு எட்டிப் பார்த்தது. மைனஸ் அறுபத்திரண்டு. மருந்துக்கடைக் கணினி இருபத்தெட்டு நாள் மூச்சை ஒரேயடியாக விட்டது. அன்று மாலைக்குள் பதினேழு பேர் மாத்திரை வாங்கிப்போனார்கள். தெமெனுஷ்கா நாட்காட்டியில் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள்.

அடுத்த வாரம் ஆய்வுக்காகத் திட்ட அலுவலகத்திலிருந்து திருமதி காஞ்சேவா வந்தார். கூரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

"காத்து, மேடம்" என்றார் வெலிச்கோ. "மலைக்காத்து ரொம்ப மோசம்."

"உங்க ஊர்க் காத்து வட்டம் நல்லாப் போடுது."

தெமெனுஷ்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை வெட்டி அவர் முன்னால் வைத்தாள். "நான்தான் வெட்டுனேன் மேடம். கடை மூடிரும்னு பயம். எழுதிக்குங்க."

திருமதி காஞ்சேவா எழுதவில்லை. பனிட்சாவில் பாதியைத் தின்று முடித்தபின் குரலைத் தாழ்த்தினார்.

"இவர் செவ்வாய்க்கிழமையே பதவிய விட்டுட்டாரு. தெரியுமா?"

தெரியாது.

"இருநூத்திப் பன்னெண்டு ஊர்ல இந்த மூஞ்சி சிரிச்சுக்கிட்டு நிக்குது. புதுசா வந்தவர் மூஞ்சிய அச்சடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவரும் போயிருவாரு. மூணு வருஷத்துல இது அஞ்சாவது மூஞ்சி. ராத்தூக்கம் இல்ல எனக்கு." அவர் ஓட்டையை மறுபடி பார்த்தார். பார்வையில் கனிவு வந்திருந்தது. "இது யாரு வந்தாலும் பொருந்தும்."

மூன்று வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பலகைகளும் 'பொறுப்பு வகிப்பவருக்கான நிலையான திறப்பு' உடையவையாக மாற்றப்படும். முன்மாதிரி: ஸ்லிவோடோல். பாதிரியார் பிரசங்கத்தில் இதைக் குறிப்பிட்டார். வெலிச்கோவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஸ்லிவோடோல்காரர்கள் அதை இணையத்தில் பார்த்தார்கள்.

பிறகு லாரியில் புதுப் பலகை வந்து இறங்கியது, கூடவே திருமதி காஞ்சேவாவும். தகடு இரட்டிப்புக் கனம். தெமெனுஷ்கா அளவு நாடாவோடு போய் நின்றாள்.

"மேடம், ஓட்டை மேல நடுவுல இருக்கு. எங்க தட்டு கீழ இடது பக்கம்ல இருக்கு. ரெண்டு மீட்டர் தள்ளி."

"பொறுப்பு வகிக்கிறவரக் கீழ் மூலையில வைக்கிறது மரியாதை இல்லன்னு குழு சொல்லிருச்சு" என்றார் திருமதி காஞ்சேவா.

"அப்ப இன்னொரு ஓட்டை போட்டுக்கவா?"

"அங்கீகாரம் இல்லாத ஓட்டை சேதம். தட்டையே கழட்டிட்டுப் போயிருவாங்க." பிறகு, ஏழாண்டுப் பணியில் முதல்முறையாக, அவர் ஒரு சலுகை அளித்தார். "முன்மாதிரி ஊருங்கிறதால ஒரு விதிவிலக்கு வாங்கிட்டு வந்திருக்கேன். கூரை வேண்டாம்னா பேருந்து நிறுத்தத்துல நட்டுக்கலாம். ஊர்க் கூட்டத் தீர்மானம் போதும்."

தெமெனுஷ்காவுக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கூட்டம் அன்று மாலையே கூடியது. அவள் எழுந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். கூரையில் வைத்தால் முப்பதாம் நாள் கடை போய்விடும், மாத்திரைக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் போக வேண்டும், பேருந்து நிறுத்தத்தில் வைத்தால் ஒரு குறையும் இல்லை. எல்லாரும் ஆமோதித்தார்கள். வெலிச்கோ பேனாவைத் திறந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "க்ருஷெவெட்ஸ்ல புதுப் பலகைய எங்க வச்சிருக்காங்க?"

"தேவாலய மணிக்கூண்டுல" என்றார் வெலிச்கோ. "விளக்குப் போட்டு."

அங்கே இணையம் வேலை செய்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

"பேருந்து நிறுத்தம் பள்ளத்துல இருக்கு" என்றது ஒரு குரல். "கோழிகூட ஏறிப் பாத்தாத்தான் தெரியும்."

மதியம் ராதா தெமெனுஷ்காவைத் தொலைபேசியில் அழைத்திருந்தாள். "உங்க பலகைய பஸ் ஸ்டாப்புல நடப் போறீங்களாமே அண்ணி. பரவால்ல, அதுவும் ஒரு இடந்தான்."

கூரைக்கு ஆதரவானவர்கள் கையுயர்த்தக் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கூடத்தில் தெமெனுஷ்காவையும் சேர்த்து நாற்பத்து நான்கு பேர் இருந்தார்கள். வெலிச்கோ கைகளை இரண்டு முறை எண்ணினார். நாற்பத்து நான்கு.

மறுநாள் காலை பலகை நிமிர்ந்தது. ஊரே கீழே நின்று கை தட்டியது. தெமெனுஷ்கா சதுக்கத்தைக் கடந்து கடைக்குப் போனாள். நாட்காட்டியில் 'ஒன்று' என்று எழுதினாள். தொலைபேசியை எடுத்தாள். உதவி மையத்தின் எண் அவளுக்கு மனப்பாடம்; ஆனால் அவள் சுழற்றியது க்ருஷெவெட்ஸின் எண்.

"ராதா, சன்னலத் திற" என்றாள். "தெரியுதா?"