ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பச்சை இலை

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மீன் தொட்டிக்குள் புதிதாக விரிந்திருந்த இலை ஒன்று மஞ்சளாக இருப்பதை ஹரிஹரன் பார்த்தான். நரம்புகள் மட்டும் பச்சை. மற்ற இடமெல்லாம் வெளுத்த மஞ்சள்.

வேறு வாரமாக இருந்தால் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள்.

பெண் ஜெயப்பிரியா, கருங்குழிக்காரி. போன வாரம் சிங்கப்பெருமாள் கோயிலில் இருவரையும் பத்து நிமிடம் தனியாகப் பேசவிட்டார்கள். அதில் ஒன்பது நிமிடம் ஹரிஹரன் தன் தொட்டியைப் பற்றிப் பேசினான். தண்ணீருக்கடியில் ஒரு தோட்டம், ஒரு இலைகூடப் பழுக்காது, கண்ணாடியில் பொட்டுப் பாசி கிடையாது என்றான். மீதி ஒரு நிமிடம் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவன் மனதில் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் அவள் அப்பா வெங்கடேசன் போன் செய்தார். வீடு பார்க்க வரும்போது தொட்டியையும் நன்றாகப் பார்த்துவிட்டு வரும்படி பெண் சொல்லியிருக்கிறாளாம்.

ஹரிஹரன் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். குறை கண்டால் அன்றைக்கே காரணம் கண்டுபிடித்து, அன்றைக்கே சரிசெய்து, தாளில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். எட்டு வருடப் பழக்கம். இலை என்பது உதிரிபாகம் இல்லை என்பது அவனுக்கு அந்த வாரம்தான் தெரியவந்தது.

மாலையில் செங்கல்பட்டில் இருக்கும் ஆல்வினின் மீன் கடைக்குப் போய் போட்டோவைக் காட்டினான்.

"மஞ்சளானது புது எலையா, பழைய எலையா அண்ணாத்த?" என்றான் ஆல்வின்.

"எதுவா இருந்தா இன்னா?"

ஆல்வின் பொறுமையாக விளக்கினான். செடிக்குள் சில சத்துகள் இடம் மாறும், சில மாறாது. தழைச்சத்து குறைந்தால், செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பிவிடும். அதனால் அடியில் இருக்கும் பழைய இலைதான் மஞ்சளாகும். சாம்பல் சத்து குறைந்தாலும் பழைய இலைக்குத்தான் அடி. ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை விழும். இரும்பு அப்படியில்லை. ஓர் இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. அதனால் இரும்பு போதாதபோது புதிதாக வரும் இலைதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

"உனக்கு இரும்புதான் கொறச்சல். இந்த இரும்பு மருந்த தெனம் ரெண்டு சொட்டு விடு. மஞ்சளான எலயப் பாக்காத, இனிமே வர்ற எலயப் பாரு. பத்து நாள் ஆவும்."

பத்து நாளுக்கு ஹரிஹரன் எங்கே போவான்? தினம் இரண்டு சொட்டு, பத்து நாளுக்கு இருபது. வீட்டுக்கு வந்ததும் இருபதையும் ஒன்றாக விட்டான். சத்து சீக்கிரம் சேரட்டும் என்று, ஆறு மணி நேரம் எரியும் விளக்கைப் பதினான்கு மணி நேரம் எரியவிட்டான்.

புதன்கிழமை இலைகளின் ஓரத்தில் முடி முளைத்திருந்தது. பச்சை முடி. தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் அது தலை வாரிவிட்டதுபோல் அசைந்தது.

செடி பந்தியில் நிதானமாகச் சாப்பிடும் ஆள். எவ்வளவு பரிமாறினாலும் தன் வயிற்றுக்கு மேல் தொடாது. பாசி, இலை போடும் முன்பே கை வைக்கும் ஆள். மிஞ்சிய சத்தும் மிஞ்சிய வெளிச்சமும் அதற்குத்தான் போகும்.

ஆல்வினிடம் போய் இந்த விளக்கத்தைக் கேட்கும் பொறுமை ஹரிஹரனுக்கு இல்லை. வியாழக்கிழமை விடுப்பு போட்டான். தொழிற்சாலையில் எண்ணெய்க் கறை பார்த்தால் என்ன செய்வானோ அதையே செய்தான். கண்ணாடியைச் சுரண்டினான், அடி மணலைக் கிளறிக் கழுவினான், செடிகளைப் பிடுங்கித் துடைத்துத் திரும்ப நட்டான். கடைசியில் ஃபில்டரின் பஞ்சை எடுத்துக் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தான். பழுப்பாக இருந்த பஞ்சு வெள்ளையானதும் ஆல்வினுக்குப் போட்டோ அனுப்பினான்.

உடனே போன் வந்தது.

"பஞ்ச யாரு கழுவுனது?"

"நான்தான். புதுசு மாதிரி கீது பாத்தியா?"

ஆல்வின் சொன்னான். பஞ்சில் இருந்த அந்தப் பழுப்பு நிறம் அழுக்கே அல்ல. அது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் குடியிருப்பு. மீன் கழிவில் இருக்கும் விஷத்தைத் தின்று, செடிக்கு ஆகும் உரமாக மாற்றுவது அவைதான். தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் மருந்துக்கு அவை தாங்காது.

"ஒரு ஊரையே காலி பண்ணிட்டு, தெரு சுத்தமா கீதுன்னு போட்டோ அனுப்பற."

வெள்ளிக்கிழமை தண்ணீர் கரும்புச் சாறு நிறத்துக்கு வந்தது. மீன்கள் உள்ளே இருந்தன. ஆனால் அதை நம்பத்தான் வேண்டியிருந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்து, மூன்று நாள் வெளிச்சமே படாமல் போர்வையால் மூடி வைக்கச் சொன்னான் ஆல்வின். வெள்ளி மாலை மூடினால் திங்கள் மாலைதான் திறக்கலாம். ஹரிஹரன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். எப்படி எண்ணினாலும் நடுவில் ஞாயிறு வந்தது.

அவன் அம்மா ஆராயி கூடத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற எடத்துல இன்னாத்துக்குடா போர்வை? ஜுரக்காரன் படுத்துகினு இருக்கிற மாதிரி கீது."

ஞாயிறு பத்து மணிக்கு வெங்கடேசனும் அவர் தங்கை பூங்கொடியும் வந்தார்கள். ஆராயி கேசரியும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். வெங்கடேசன் தட்டைத் தொடவில்லை.

"இருக்கட்டும்மா. மொதல்ல வந்த வேலையப் பாத்துடலாம். தம்பி, தொட்டி எது?"

போர்வையை எடுத்தான். நான்கு பேரும் அந்தப் பச்சையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு மீனின் முகம் கண்ணாடி அருகே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

பிறகு வெங்கடேசன் தொட்டியை விட்டுவிட்டு வீட்டை ஆராய ஆரம்பித்தார். கூடத்துச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை சாண் போட்டு அளந்தார். காலைத் தூக்கித் தரையில் இரண்டு இடத்தில் ஓங்கி மிதித்தார். பூங்கொடி குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "கொஞ்சம் உப்புதான்" என்று அண்ணனிடம் சொன்னார். மத்தியான வெயில் எந்த ஜன்னலில் விழும், கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் இன்வெர்ட்டர் தாங்கும் என்றெல்லாம் விசாரித்தார்கள். பிளக் பாயிண்டுகளை எண்ணினார்கள். ஹரிஹரனின் அறைக்குள் போய், அந்தக் கட்டில் அங்கேதான் இருக்க வேண்டுமா என்றும் கேட்டார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஹரிஹரனின் நம்பிக்கை ஒரு சாண் குறைந்தது. தினம் உதிரிபாகங்களைத் திருப்பி அனுப்புகிறவனுக்கு, திருப்பி அனுப்புவதற்கு முன்னால் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியாதா? இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"ஐயா, பத்து நாள் மருந்த ஒரே நாள்ல ஊத்திட்டேன். செடி மேல தப்பில்ல, என் அவசரந்தான். பாசியே கெடையாதுன்னு உங்க பொண்ணுகிட்ட சொன்னதும் கொஞ்சம் அதிகம். அதையும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றார் வெங்கடேசன், அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடியே.

ஆராயிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடுங்க. எம்புள்ள வாரம் பூரா சோறு தண்ணி இல்லாம கெடக்குறான்."

பூங்கொடி திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு அன்னிக்கி கோயில்லயே சரின்னு சொல்லிட்டாளேம்மா, அவ வூட்ல வளத்துகினு இருக்கிற ஒம்போது தொட்டியயும் இங்க எங்க வெக்கிறதுன்னு பாக்கத்தானே நாங்க வந்துகிறோம்."