மூன்று இணைப்புகளுடன் ஒரு மொட்டைக் கடுதாசி

தனக்குப் பொறாமை எப்போது தொடங்கியது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆடி மாதம், இரண்டாவது வியாழன், மாலை ஐந்தே முக்கால். டைரியில் இருக்கிறது. (என்ன நடந்தது என்ற இடத்தில் மட்டும் "தலைவலி" என்று எழுதியிருக்கிறேன்.)

அன்றுதான் என் கொழுந்தன் மனைவி வள்ளி அல்வாப் பொட்டலத்தோடு வந்தாள். டவுண் ரத வீதியில் உள்ள ஒரு பெரிய ஜவுளிக் கடையில் தன்னை மனிதவள ஆலோசகராகப் போட்டிருக்கிறார்கள் என்றாள். அந்த வேலைக்கு நான் மூன்று முறை விண்ணப்பித்திருந்தேன். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது.

நான் பத்தொன்பது வருடம் மனித உரிமை அலுவலகத்தில் புகார் மனுக்களை விசாரித்தவள். விருப்ப ஓய்வு பெற்று, கம்பெனிகளுக்கு ஊழியர் விதிகள் எழுதிக் கொடுக்கும் ஆலோசகரானேன். வள்ளியோ ஆறு மாத வகுப்புக்குப் போய்விட்டு வந்தவள். என் பயிற்சிக்கு நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடு உண்டு. அவள் பயிற்சியில் எல்லோரும் வட்டமாக நின்று கை தட்டுவார்கள். கடைப் பெண்கள் அவளைக் கண்டால் "வள்ளியக்கா" என்று ஓடி வருவார்கள். நான் போகும் கம்பெனிகளில் என்னைக் கண்டால் அடையாள அட்டையை நேராக்கிக்கொள்வார்கள்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கடை முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதுவதென்று முடிவு செய்தேன். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கடையில் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். ஆலோசகர் கை தட்டிக்கொண்டிருக்கிறார். இதுதான் புகார். அவளை அனுப்பிவிட்டால் அந்த இடம் எனக்கு.

சிக்கல் என்னிடம்தான் இருந்தது. தேதியும் இடமும் இல்லாத மனுக்களை வருடக்கணக்கில் "குறைபாடுடையது" என்று ஓரம் கட்டியவள், குறைபாடுள்ள மனுவை எப்படி எழுதுவேன்? ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை எல்லாம் போட்டேன். பக்க எண் போட்டேன். சட்டப் பிரிவின் நகல், எந்தத் தளத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற அட்டவணை, கடையின் வரைபடம் என்று மூன்று இணைப்புகள். (அட்டவணைக்காகச் சேலை எடுப்பதுபோல் இரண்டு முறை போய், நிஜமாகவே இரண்டு சேலை எடுத்துவிட்டேன்.)

கையெழுத்தை விட்டுவிடலாம். "இடம்" என்ற வரியில் பொய் எழுதத்தான் மனம் வரவில்லை. பாளையங்கோட்டை என்று உண்மையை எழுதினால் மாட்டிக்கொள்வேன். ஆகவே பஸ் பிடித்து உவரிக்குப் போய், கடற்கரையில் உட்கார்ந்து "இடம்: உவரி" என்று எழுதி, அங்கேயே தபாலில் சேர்த்தேன். போனதற்கு இரண்டு கிலோ சீலா மீனும் வாங்கினேன். திரும்பும்போது மனசாட்சி குத்தியது. பாதி மீனை வள்ளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் முதலாளி போன் செய்தார்.

"மேடம், ஒரு மொட்டக் கடுதாசி வந்திருக்கு. எழுதுனது யாருன்னு நீங்கதான் விசாரிச்சுச் சொல்லணும். வள்ளி மேடம்தான் ஒங்க பேரச் சொன்னாவ. சொந்தமா இருந்தாலும் நியாயமா நடப்பாவன்னாவ."

போகாவிட்டால் சந்தேகம் வரும். போய் மாட்டினால் ஊரில் ஒரு கம்பெனியும் என்னைக் கூப்பிடாது, குடும்பத்தில் தலை காட்ட முடியாது. போனேன். (கையில் கோப்போடுதான். கோப்பு இல்லாமல் எனக்கு நடை வராது.)

மாடி அறையில் முதலாளி, வள்ளி, நான். நடுவில் மேசைமேல் என் கடுதாசி.

"இது அதிகம் படிக்காத ஆள் எழுதினது" என்று விசாரணையைத் தொடங்கினேன்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "படிக்காத ஆளா? ஆவணி மாசத் தேதி போட்டிருக்கு. நாலுல மூணாம் பக்கம்னு போட்டிருக்கு. படத்துல வடக்கு எதுன்னு அம்புக்குறி வேற. கட்டடம் கட்டுன எங்க இஞ்சினியரே அதப் போடல."

அந்த அம்புக்குறியை ஒருவர் கவனித்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. முகத்தை இறுக்கிக்கொண்டு, சேலைப் பிரிவில் நிற்கும் செல்வியைச் சாட்சியாகக் கூப்பிட்டேன். உட்கார இருக்கை உண்டா, இல்லையென்றால் எப்போதிலிருந்து இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறாய் என்று கால் மணி நேரம் கேட்டேன்.

வள்ளி எழுந்து தன் நாற்காலியைத் தள்ளினாள். "உக்காந்து சொல்லுளா. மேடம் ஒன் கால்வலியப் பத்தித்தான கேக்காவ."

அதுவரை செல்வி நின்றுகொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

செல்வி போன பிறகு வள்ளி உறையை எடுத்துத் திருப்பினாள். "முத்திர உவரி தபாலாபீசு அண்ணாச்சி. புதன்கெழம." பிறகு என் பக்கம் திரும்பினாள். "யக்கா, அன்னைக்கு நீங்க கொண்டாந்த சீலா மீனு நல்ல ருசி. எங்க வாங்குனீய?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளை ஒரே கேள்வியில் வாயடைக்க வைத்திருக்கிறேன். அவர்களுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"மார்க்கெட்டுல" என்றேன்.

"அப்படியா? மார்க்கெட்டுல இவ்ளோ புதுசாக் கெடைக்காதே."

"மீன விடுங்கம்மா. எழுதுனது யாரு?" என்றார் முதலாளி.

"யாரா இருந்தா என்ன அண்ணாச்சி? வந்த நாள்லயிருந்து நானும் ஸ்டூலு கேக்கேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னீய. இதே ஆளு இன்னொண்ணு எழுதி மேல அனுப்புனா என்ன செய்வீய? இணைப்பெல்லாம் பக்காவா இருக்கு."

முதலாளி மூன்று இணைப்புகளையும் மறுபடி ஒருமுறை புரட்டினார். போனை எடுத்து ஸ்டூல்களுக்குச் சொன்னார். எந்தத் தளத்துக்கு எத்தனை என்பதை என் அட்டவணையைப் பார்த்தே சொன்னார்.

"எழுதியவரைக் கண்டறிய இயலவில்லை" என்று அறிக்கை கொடுத்தேன். இத்தனை வருட வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான். அதற்கும் தேதி போட்டிருக்கிறேன்.

ஸ்டூல் வந்த அன்று, எண்ணிக்கை சரிபார்க்க நானும் போயிருந்தேன். கடைப் பெண்கள் வள்ளியக்காவை முதல் ஸ்டூலில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுக்கச் சொல்லி போனை என்னிடம்தான் நீட்டினார்கள். எடுத்தேன். வயிறு எரிந்தாலும் படம் நேராகத்தான் வந்தது. அந்த மாதமே அவளுக்கு ஒப்பந்தத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டினார்கள்.

வள்ளி முதலாளியிடம் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். இன்றும் வீட்டில் மீன் குழம்பு வைத்தால், தட்டில் கை வைக்குமுன் என் கணவர், "ஏட்டி, இணைப்பு எத்தன?" என்கிறார்.

ஆவணி பிறந்ததும் வள்ளி வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் சீலா மீன் வரும். மேலே ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, இடம் எல்லாம் எழுதியிருக்கும். அனுப்புநர் பெயர் மட்டும் இருக்காது.