மயக்கம் தெளியாத அண்ணன்

அண்ணனுக்குக் கட்டி இருந்தது தோளிலா, முதுகிலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. மறதியைப் பற்றிய கதையைச் சொல்ல நான் பொருத்தமான ஆள்தானா என்பதும் சந்தேகமே. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர் தம்பியிடம் சொன்ன முதல் வார்த்தை நன்றாக நினைவிருக்கிறது.

"சாப்பிட்டியாடா?"

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் அவனோடு பேசி வருடக்கணக்காகிறது. "இவனுக்குக் கை இன்னும் பழகல" என்று வாடிக்கையாளர் முன்னால் அண்ணன் சொன்ன அன்றே, தம்பி இருவரும் சேர்ந்து நடத்திய சலூனுக்கு நடுவில் பலகைத் தடுப்பு அடித்துவிட்டான். ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்குப் பாதிக் கண்ணாடி. அண்ணிக்கு விடுப்புக் கிடைக்காததால்தான் இன்று அவன் துணைக்கு வந்தது. மயக்க மருந்து கொடுத்தால் ஞாபகம் தடுமாறுமாம் என்று அண்ணி போனில் சொல்லியிருந்தார்.

ஆக, சண்டையே மறந்துவிட்டது. "ஆச்சுண்ணே" என்று தம்பி பொய் சொன்னான்.

"அப்ப நேரா கடைக்குப் போலாம்."

பலகையைப் பார்த்தால் எல்லாம் ஞாபகம் வந்துவிடுமே. டாக்டர் படுக்கச் சொன்னார் என்று புளுகி, அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினான்.

பலகையைப் பிடுங்கினான். அண்ணன் பக்கச் சுவர் பச்சை, தன் பக்கம் நீலம் என்பது அப்போதுதான் உறைத்தது. நீலத்தின் மேல் பச்சையை அடித்தான். அது கண்ணாடியில் வழிந்தது. துடைத்ததில் கண்ணாடியே பச்சையாயிற்று. "ராசியாயிட்டீங்களா?" என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். அண்ணனிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று கெஞ்சி, அவருக்குச் சும்மாவே முடிவெட்டி அனுப்பினான். சாயங்காலத்துக்குள், வாயைத் திறக்காமலிருக்கச் சம்மதம் என்று வாசலில் வரிசையே நின்றது.

மறுநாள் அண்ணன் வந்தார். ஈரம் காயாத சுவரைப் பார்த்தார். தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார்.

"ஷேவ் பண்ணிவிடுடா."

தம்பி கத்தியைக் கழுத்தில் வைத்தான். அண்ணன் அசையவில்லை.

தையல் பிரிக்கப் போன அன்று தம்பி நர்ஸைத் தனியே கூப்பிட்டான். அண்ணனுக்குப் பழைய ஞாபகம் எப்போது திரும்பும், திரும்பாமலிருக்க மாத்திரை ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டான்.

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மயக்கமே குடுக்கலையே. அந்த எடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டோம். வெளிய தம்பி நிக்கிறான், அவன்கிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு கடைசி வரைக்கும் எங்களைக் கேட்டுட்டே இருந்தாரு."

தம்பி இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. கடை ஒரே கடையாக நடக்கிறது. அண்ணி சில சமயம் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார். அண்ணனுக்கு அந்தச் சண்டை இன்றுவரை ஞாபகம் வரவில்லை.