மூக்கை அளக்கப் போஸ் கொடுப்பவர்

டாக்டரைப் பார்க்கப் போகும்போது முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்கிற ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது, கவனித்திருக்கிறீர்களா? எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் வயிற்றை உள்ளே இழுப்பார். ரத்த அழுத்தம் பார்க்கிறபோது புன்னகை செய்வார். நோயைக் காட்டத்தான் வந்திருக்கிறோம் என்பது மறந்தே போயிருக்கும். தன்னைக் காட்ட வந்திருப்பதாக நினைப்பு.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒன்று சிவகாசியில் இருக்கிறது. பெயர் மகேஷ்குமார், வயது ஐம்பத்திரண்டு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் கடைகளுக்குத் தினசரி காலண்டரும் அடிக்கிற அச்சகத்தின் முதலாளி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி அவருக்கு. அதனால் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவார்: ஆர்டர் பேச வந்தவரின் எதிரில், சாப்பாட்டு இலையின் முன்னால், முடிவெட்டுகிற நாற்காலியில், இவ்வளவு ஏன், ஒருநாள் சாத்தூர் சாலையில் கார் ஓட்டிக்கொண்டே தூங்கினார். அன்றிலிருந்து அவர் மனைவி அருணாதேவி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் தலை சாய்கிறபோதெல்லாம் தொடையில் கிள்ளிக்கொண்டே கூடப் போகிறார். என்ன பிரியம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிரியமா? பயம்.

மதுரை டாக்டர், காற்று ஊதுகிற மிஷினும் மூக்கில் மாட்டுகிற மாஸ்க்கும் எழுதிக் கொடுத்தார். மாஸ்க் முகத்தோடு பொருந்தி உட்கார வேண்டும். இடுக்கில் காற்று கசிந்தால் மிஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த வெளிநாட்டு மிஷின் கம்பெனியின் விருதுநகர் கிளையில் வேலை பார்க்கும் வேல்விழி என்ற பெண், செல்போனில் ஓர் ஆப் அனுப்பினாள். போனை முகத்துக்கு நேரே பிடித்து, இடமும் வலமும் மெல்லத் திரும்பினால் போதும். அதுவே மூக்கையும் தாடையையும் அளந்து மாஸ்க்கின் அளவைச் சொல்லிவிடும். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும். குழந்தைக்குத்தான் தன் மூக்கைப் பற்றிக் கவலை கிடையாதே.

நம்மவர் குளித்தார், மீசைக்குச் சாயம் பூசினார், சலவைச் சட்டை மாட்டினார், கன்னங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போனைப் பார்த்தார். 'பெரிய அளவு' என்றது ஆப். பெரிய அளவா? யாரைப் பார்த்து? ஜன்னலோரம் போய் எடுத்தார், மொட்டை மாடியில் எடுத்தார், மூக்கு விடைக்காமல் இருக்க மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். மூச்சு நிற்கிற வியாதிக்காரர், மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். ஆப் மசியவில்லை.

இதற்கு மேல் ஒரு வழி உண்டென்று அச்சக முதலாளிக்குத்தான் தோன்றும். வருஷா வருஷம் தன் அச்சகத்தின் பெயரில் அடிக்கிற காலண்டரில், தேதித் தாளுக்கு மேலே தன் படத்தைப் போட்டுக்கொள்கிறவர் அவர். பத்து வருஷப் பழைய படம். டிசைனர் பாண்டிராஜ் கம்ப்யூட்டரில் மூக்கைச் செதுக்கி, தாடையை ஒடுக்கி, கண்ணைப் பெரிதாக்கி வைத்த படம். அந்தக் காலண்டரை ஆணியிலிருந்து இறக்கி, அதன் முன் போனைப் பிடித்தார். ஆப் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. காலண்டரை இடப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் சொன்னது, வலப்பக்கம் திருப்பினார். 'சிறிய அளவு' என்றது ஆப். அன்று வீட்டுக்குள் அவர் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சின்ன மாஸ்க் வந்தது. நாலு பக்கமும் காற்று சீறியது. ஒரே வாரத்தில் அதைப் பீரோ மேல் எறிந்துவிட்டு, வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம ஊர் முகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கடை கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, லேபிள் மாதிரிகளோடு அச்சங்குளம் பட்டாசு ஆலைக்குப் போகிற வழியில், அருணாதேவி கைப்பைக்குள் கர்ச்சீப்பைத் தேடிய நேரத்தில், கார் சாலையை விட்டு இறங்கிக் கருவேலம் புதருக்குள் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. பத்தடி தள்ளி ஏழெட்டுப் பெண்கள் மினி பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். கண் விழித்தவர், சாலை ஓரத்தில் இப்படியா புதரை வளர விடுவார்கள் என்று கோபப்பட்டார்.

அருணாதேவி போன் பண்ணியதில், மறுநாள் வேல்விழி வீட்டுக்கே வந்தாள். மாஸ்க்கை அவர் மூக்கில் வைத்துப் பார்த்துக் குழம்பினாள். ஸ்கேன் பண்ணும்போது யார் முகத்தைக் காட்டினீர்கள் என்று கேட்டாள். நம்மவர் மின்விசிறியைப் பார்த்தார். அருணாதேவி சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார்.

வேல்விழி காலண்டரை நிதானமாகப் பார்த்தாள். "அண்ணாச்சி, இவுகளுக்கு வியாதியே இல்லையே. வியாதி ஒங்களுக்குல்லா."

அருணாதேவி சிரிக்கவில்லை. "படத்துல இருக்கவுக கூடயா நான் கார்ல வாரேன்? மூச்சு நிக்கிறது இந்த மூக்குலதான. நேத்து அங்கன எம்புட்டுப் பொம்பளைக நின்னாக, பாத்தீகளா? இந்த மொகத்தக் காட்டுங்க. இல்ல, கார்ச் சாவியக் குடுங்க."

மூக்கா, சாவியா? வெகுநேரம் யோசித்தார் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். கடைசியில் வேல்விழி பிடித்த போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லி, சீப்பால் தலையை வாரிக்கொண்ட பிறகுதான். பெரிய மாஸ்க் வந்தது, பொருந்தியது. வெளிநாட்டுப் பெரிய அளவு என்பது நம்ம ஊர்க் கணக்கில் நடுத்தரம் என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். கார் நேராகப் போகிறது. பக்கத்து சீட்டில் அருணாதேவி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், பல மாதத் தூக்கம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சர்க்கரைப் பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருந்து, டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கி வந்தது யார்? டாக்டருக்கென்ன, ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். உங்கள் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருப்பவர் எங்கே போவார்?