கலகெதரயில் நிற்கும் பின்பலகை

சேசு மரி சூசை துணை

அஸ்கிரிய, கண்டி
நவம்பர் 27

கலகெதரயில் இருக்கும் கொழுந்தனார் யாகப்பருக்கு, அண்ணி மேபல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் பேத்தி ஷாமலாவும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. நீங்களும் நிஷாந்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

விசயம் இதுதான். உங்கள் அண்ணனின் கிட்டார் செட்டுடைய பின்பலகையைத் திருப்பித் தாருங்கள்.

எந்தப் பலகை என்று கேட்பீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, ஒக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை, உங்கள் கலியாணம். அதற்கு இரண்டு நாள் முந்தி மஞ்சள் கோடு போட்ட சட்டையோடு வந்து, "அண்ணி, பைலா பாட்டு இல்லாம ஒரு கலியாணமா? செட்ட ஒரு நாளைக்குத் தாங்க, திங்கக்கிழம காலைல வாசல்ல இருக்கும்" என்றீர்கள். கிட்டார் சத்தத்தைக் கூட்டுகிற, வால்வு எரிகிற பெட்டி ஒன்று, இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டி ஒன்று, இரண்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். திங்கட்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை வந்தது, அதுவும் மழைக்குள். ஸ்பீக்கர் ஒன்றின் ஒயர் விட்டுப்போய் நீங்களே ஈயம் வைத்து ஒட்டியதாகச் சொன்னீர்கள். ஒரு வாய் கேக் கூட மிச்சம் கொண்டுவரவில்லை. அதை நான் இப்போது சொல்ல வரவில்லை. பிறகு ஒரு நாள் கூட்டும்போது பார்க்கிறேன், ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கம் திறந்து கிடக்கிறது, உள்ளே ஒயரெல்லாம் தெரிகிறது. உங்கள் அண்ணனிடம் சொன்னேன். அவர் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். தம்பியை விட்டுக்கொடுக்காத மனிதர். அவர் கண்ணை மூடும்வரை பதினெட்டு வருசம், நான் பலகையின் பேச்சை எடுத்தபோதெல்லாம் கோழிக்குத் தீனி போட்டார். நீங்கள் அவருடைய அடக்கத்துக்கு வந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கதிரையிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். அதையும் நான் சொல்ல வரவில்லை.

இவ்வளவு காலமும் பொறுத்தவள் இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், ஷாமலாவால்தான். அவள் தாத்தாவின் செட்டில்தான் கிட்டார் வாசிக்கிறாள். கண்டியில் ஒரு ஹோட்டலில் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க ஆள் கேட்டார்கள், போனாள். மனேஜர் கேட்டுவிட்டு, "வாசிப்பு நல்லா இருக்கு மகள், ஆனா அடிச் சத்தமே இல்லையே, தகரத்துல தட்டுற மாதிரி இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழம இன்னொருக்கா வாங்க" என்றிருக்கிறார். தனியாக வாசிப்பவள், பேஸ் கிட்டாருக்கு வேறு ஆள் இல்லை. பேஸ் வராவிட்டால் இந்தச் செட்டை விற்றுவிட்டுப் புதிது வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். பழைய சாமான் எடுக்கிற ஸெய்னுலாப்தீன் இரண்டு தரம் வந்து பார்த்தும் போய்விட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை தூக்கிக்கொண்டு போக வருவார். உங்கள் அண்ணன் தொட்டதென்று இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். கோழிகூட இல்லை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினாள். வயிறு சரியில்லாதவன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பிறகு பெட்டியைச் சுவர் மூலையில் தரையோடு வைத்தால் அடிச் சத்தம் கூடும் என்று போனில் பார்த்தாளாம். எங்கள் வீட்டு மூலையில் இருப்பது அந்தோனியார் சொரூபம் வைத்த தட்டு. கொஞ்சம் கூடியது உண்மைதான், ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் அந்தோனியார் அதிர்ந்து அதிர்ந்து எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். கீழ் வீட்டு ஜெஸீமா மேலே ஏறி வந்தாள். சத்தம் கூடிப்போச்சு என்று சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் இடுப்பில் கை வைத்து நின்றேன். அவள், "மேபலம்மா, புள்ள வாசிக்கட்டும், அதுல எனக்கு ஒரு கொறயும் இல்ல. ஆனா இது காதுல ஊசி குத்துற மாதிரி ஈக்குது. கொஞ்சம் கனமா வாசிக்கச் சொல்லுங்களே" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

அதன் பிறகுதான் கட்டுகஸ்தோட்டையில் ரேடியோ திருத்தும் ரவிகுமாரைக் கூட்டி வந்தோம். அவன் வால்வையெல்லாம் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, ஒரு டோர்ச் பெட்டரியை எடுத்து ஸ்பீக்கர் ஒயரில் தொட்டான். ஒரு ஸ்பீக்கரின் கடதாசி முன்னுக்குத் தள்ளியது, மற்றது பின்னுக்கு இழுத்தது. "பாருங்க பாட்டி, ஒன்னு வா எங்குது, ஒன்னு போ எங்குது. இப்பிடி இருந்தா எப்பிடி பேஸ் வரும்? எந்த மகராசன் இந்த ஒயர மாத்தி ஒட்டினான்?" என்றான். நான் உங்கள் பெயரையும் கலகெதர முகவரியையும் சொன்னேன். அவன் அந்த ஒயரைச் சரியான பக்கத்துக்கு மாற்றி ஒட்டினான். அடிச் சத்தம் வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. அப்புறம்தான் பின்பக்கம் கையை விட்டுப் பார்த்து, "இதுக்கு ஒரு பலகை இருக்கணுமே. முன்னுக்குத் தள்ளுற காத்து பின்னால உள்ள காத்தோட சேர்ந்து ஒன்னுமில்லாமப் போயிருது. மூடினாத்தான் கனம் நிக்கும்" என்றான்.

பிஸ்கட் பெட்டி அட்டையை ஒட்டிப் பார்த்தோம், அட்டையும் சேர்ந்து பாடியது. தலையணையை அமுக்கிப் பார்த்தோம், இருந்த சத்தமும் தூங்கிவிட்டது. "புதுசா ஒரு பலகை வெட்டி அடிச்சா முடிஞ்சுது பாட்டி" என்றாள் ஷாமலா. நான் விடவில்லை. புதுப் பலகை அடித்தால் நீங்கள் கொண்டுபோனது இல்லை என்று ஆகிவிடும். "முப்பத்திநாலு வருசம் திறந்து கிடந்த பொட்டிய ஒரு பிளைவூட் துண்ட வச்சி மூடச் சொல்றியா?" என்று கேட்டேன். "அப்ப ஸெய்னுலாப்தீன் நானாவ வரச் சொல்றேன்" என்று போனை எடுத்துவிட்டாள். வாயாடி. யாரைக் கொண்டு பிறந்தாளோ.

பங்குச் சாமியார் ஒவ்வொரு வருசமும் கிறிஸ்மஸுக்கு முந்தின பாவசங்கீர்த்தனத்தில், "மேபல், பாலன் குடிலுக்கு முன்னால முழங்கால் போட்டு யாகப்பர மன்னிச்சிருங்க" என்கிறார். நானும் ஒவ்வொரு வருசமும் குடிலுக்கு முன்னால் முழங்கால் போட்டு, குழந்தை சேசுவைப் பார்த்து, அந்தப் பலகையை நினைத்து, முடியாமல் எழுந்துவிடுகிறேன். முழங்கால் போனது அதில்தான். ஆகவே செவ்வாய்க்கிழமைக்கு முன் பலகை வந்தாக வேண்டும். அதை நீங்கள் கோழிக்கூட்டுக்கு அடித்திருந்தாலும் சரி, மேசையாக்கியிருந்தாலும் சரி, கழற்றி அனுப்புங்கள். உங்கள் அண்ணனின் செட் விற்றுப்போனால் அந்தப் பழி கலகெதரயில்தான் நிற்கும்.

நிஷாந்திக்கு என் அன்பு, அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றைக்கு அவள் புதுப்பெண். பிள்ளைகளுக்கு என் ஆசீர். உங்களுக்கும் ஆண்டவர் ஆசீர் கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
அண்ணி மேபல்

பி.கு.: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதினேன். இன்றைக்குச் சனிக்கிழமை. நாளை திருவருகைக் காலம் தொடங்குகிறது என்று ஷாமலா குடில் சாமான்களை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினாள். குடில் வைக்கிற பலகையைச் சுற்றியிருந்த பழைய சேலையை அவிழ்த்து, போன வருசத்துப் பச்சைக் கடதாசியைக் கிழித்தாள். அதற்குக் கீழே அதற்கு முந்தின வருசத்துக் கடதாசி. அப்படியே கிழித்துக்கொண்டே போனாள். கடைசியில் ஸ்பீக்கர் பெட்டியில் ஒட்டியிருக்கிற அதே கறுப்பு ரெக்சின், ஓரத்தில் எட்டு ஓட்டை, ஒரு மூலையில் உங்கள் அண்ணன் கையெழுத்தில் 'மேல்பக்கம்' என்று இருந்தது. உங்கள் கலியாணம் நடந்த அந்த வருசம் டிசம்பரில் குடிலுக்கு நல்ல பலகை இல்லை என்று நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். நான்காம் நாள் எங்கிருந்தோ இதைக் கொண்டுவந்து தந்தார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. எங்கள் கோழிகள் ஏன் அவ்வளவு கொழுத்திருந்தன என்று இப்போதுதான் விளங்குகிறது.

நானும் ஜெஸீமாவும் ஆளுக்கொரு பக்கம் பலகையை அமுக்கிப் பிடித்தோம், ஷாமலா வாசித்தாள். அடிச் சத்தம் உள்ளங்கை வழியாக ஏறி என் நெஞ்சுக்கூட்டில் வந்து நின்றது. ஸெய்னுலாப்தீனை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. குடிலை இந்த வருசம் அந்தப் பெட்டிக்கு மேலேயே வைப்போம்.

நான்கு பக்கம் எழுதியதை வீணாக்க மனமில்லாததால் இதையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஒயரை மாற்றி ஒட்டியது நீங்கள்தான், அதில் மாற்றமில்லை. வெள்ளிக்கிழமை ஹோட்டலில் நானும் ஜெஸீமாவும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, ஆகவே அதற்கு முன் எட்டு ஸ்குரூ ஆணியோடு வந்து பூட்டித் தாருங்கள். தேத்தண்ணி வைக்கிறேன், இந்த முறை குடித்துவிட்டுப் போங்கள். வரும்போது ஸ்குரூ டிரைவரையும் கொண்டு வாருங்கள். சிவப்புப் பிடி போட்டது. தொண்ணூற்றொன்றில் செட்டோடு கொண்டுபோனீர்கள்.